கிருபையினாலே தேவபக்தியாய் வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து ஆயரிடமும், வீட்டு ஜெபம் முடிந்து ஒருவருக்கொருவரும் விசுவாசிகள் கேட்கும் கேள்விகள் இவை. வேதாகமத்தைத் திறந்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி அதிகாரமும் வசனமும் கொடுத்திருக்கிறோம். பக்கத்தில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

கிருபை என்றால் பாவமன்னிப்புதானே? தினசரி வாழ்க்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கிருபை என்பது தகுதியில்லாத நமக்குத் தேவன் காட்டும் தயவு. மன்னிப்பு, அது செய்யும் முதல் வேலை. அதோடு அது நிற்பதில்லை. தீத்து 2:11-12-ஐப் பாருங்கள். இரட்சிப்பை அளிக்கப் பிரசன்னமான அதே தேவகிருபைதான், அவபக்தியையும் லெளகிக இச்சைகளையும் வெறுத்து, தெளிந்த புத்தியும் நீதியும் தேவபக்தியும் உள்ளவர்களாய் இவ்வுலகத்திலே ஜீவனம்பண்ண நமக்குப் போதிக்கிறது என்கிறார் பவுல். மன்னித்த கைதான் பிடித்து நடத்தவும் செய்கிறது.

இந்த நிருபம் எந்த ஊருக்குப் போனது என்பதையும் கவனியுங்கள். இதைப் பெற்ற தீத்து, பவுலின் உடன் ஊழியர், இருந்தது கிரேத்தா தீவில். அந்த ஊர்க்காரர் ஒருவரே தன் ஜனங்களை ஓயாப்பொய்யர், துஷ்டமிருகங்கள், பெருவயிற்றுச் சோம்பேறிகள் என்று சொன்னதாக 1:12-இல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் முதியவர், பெண்கள், வாலிபர், அடிமைகள் ஒவ்வொருவரும் எப்படி நடக்கவேண்டும் என்று 2:1 முதல் 10 வரை வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஏனெனில்" என்று தொடங்கிக் கிருபையைப் பற்றிச் சொல்கிறார். எஜமானுடைய பொருளைத் திருடாதே என்று அடிமைக்குச் சொன்ன புத்திக்கும் அடிப்படை கிருபைதான்.

ஆதிச் சபையும் இதில் உறுதியாக இருந்தது. மனிதன் தன் சொந்த மனபலத்தாலேயே பாவமில்லாமல் வாழமுடியும் என்று பெலேஜியஸ் என்ற துறவி போதித்தபோது, ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின் அதை எதிர்த்து நின்றார். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள், கிருபை பழைய பாவங்களை மன்னிப்பதற்கு மட்டும் உதவும், இனிப் பாவம் செய்யாமலிருக்க உதவாது என்று போதிப்பதைத் தவறென்று அறிக்கையிட்டார்கள். உங்கள் கேள்விக்கு 1600 ஆண்டுகளுக்கு முன்பே சபை சொன்ன பதில் அது.

கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை என்கிறோம். பிறகு நான் ஏன் பிரயாசப்பட வேண்டும்?

கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்ற எபேசியர் 2:8-9 நம் எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த வசனத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம், அவைகளில் நடக்கும்படி தேவன் அவைகளை முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. 8-ஆம் வசனம் வேர், 10-ஆம் வசனம் கனி. கனியைக் காட்டி வேரை விலைக்கு வாங்கமுடியாது. கனியே இல்லையென்றால் வேரைச் சோதிக்க வேண்டும்.

1 கொரிந்தியர் 15:10-இல் பவுல் தன்னைப் பற்றிச் சொல்வது இன்னும் தெளிவு. மற்ற எல்லா அப்போஸ்தலரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்கிறார். அதே மூச்சில், நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது என்கிறார். பிலிப்பியர் 2:12-13-இலும் இதே அமைப்பு: உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனென்றால் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன். அவர் உள்ளே வேலை செய்வதால்தான் நம் முயற்சிக்குப் பலன் உண்டு. கிருபைக்கு எதிரானது, முயற்சி செய்து அதைத் தேவனிடம் கணக்குக் காட்டிக் கூலி கேட்பது. லூக்கா 18:12-இல் வரும் பரிசேயன் செய்தது அதைத்தான்: வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம். இரண்டும் நல்ல பழக்கங்களே. அவைகளை வைத்துப் பக்கத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) விடத் தான் மேல் என்று எண்ணினான், அங்கேதான் கெட்டது.

கிருபை இருக்கிறது, தேவன் மன்னிப்பார் என்று பாவத்தைத் தொடரலாமா?

ரோமர் 6:1-2 இதே கேள்வியை எடுத்து, "கூடாதே" என்று ஒரே சொல்லில் மறுக்கிறது. கிருபையைக் காமவிகாரத்துக்கு ஏதுவாகப் புரட்டுகிறவர்களைப் பற்றி யூதா 4-ஆம் வசனம் கடுமையாகப் பேசுகிறது. மன்னிப்பு உண்டு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பாவத்துக்குத் திட்டமிடுகிற மனதில் இன்னும் மனந்திரும்புதல் வரவில்லை. ஆறுதலான வசனங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு, ஆயரிடம் போய் உள்ளதை உள்ளபடி பேசுங்கள்.

செய்யக்கூடாது என்று அழுது ஜெபிக்கிறேன். அதே பாவத்தில் மறுபடியும் விழுகிறேன். என் இரட்சிப்பு பொய்யா?

முந்தின கேள்வியைக் கேட்கிறவரும் இதைக் கேட்கிறவரும் ஒருவரல்ல. பாவத்தை நினைத்து அழுகிற மனதில் ஆவியானவர் கிரியை செய்கிறார். விரும்பாத தீமையையே செய்கிறேன் என்ற ரோமர் 7:19-ஐயும், கிறிஸ்துவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற 8:1-ஐயும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பவுலின் மூலக் கடிதத்தில் இரண்டுக்கும் நடுவில் அதிகார எண் கிடையாது.

நடைமுறைக்கு வருவோம். இந்தப் போராட்டத்தில் அநேகர் தோற்பது, விழுந்ததற்கு அடுத்த மூன்று நாட்களில். விழுந்தவுடனே வெட்கப்பட்டு ஜெபத்தை நிறுத்துகிறார்கள், வேதம் தொடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஆளாக வெளியேறுகிறார்கள். கொஞ்ச நாள் தங்களைத் தாங்களே தண்டித்து, "இப்போது கொஞ்சம் பரவாயில்லை" என்று தோன்றிய பிறகுதான் தேவனிடம் வருகிறார்கள். சிலுவையில் செலுத்தித் தீர்ந்த கடனுக்கு மறுபடியும் தவணை கட்டுகிற வேலை அது. அந்த மூன்று நாட்களில் பலம் இன்னும் குறைந்து, அடுத்த வீழ்ச்சி சீக்கிரம் வருகிறது. எபிரெயர் 4:16 கிருபாசனத்தண்டை தைரியமாய்ச் சேரச் சொல்வது, சகாயம் தேவைப்படுகிற அந்தச் சமயத்தில்தான். எனவே விழுந்த அதே மணி நேரத்தில் முழங்காலில் நில்லுங்கள். பாவத்தை அதன் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்" என்று பொதுவாகச் சொல்லி நழுவாதீர்கள். 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசித்து, நன்றி சொல்லி எழுந்திருங்கள்.

அடுத்தது, பாவத்தின் நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான வீழ்ச்சிகள் ஒரே மாதிரி நடக்கின்றன. ஆபாசப் படங்களின் பிடியில் இருக்கிறவர்களிடம் விசாரித்தால், இரவு 11 மணிக்குமேல், தனி அறை, களைப்பு, கையில் போன் என்ற நான்கும் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் மனபலத்தை நம்புவது வீண். ரோமர் 13:14 துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருக்கச் சொல்கிறது. அந்த வசனத்துக்கு இன்று கீழ்ப்படிவது, போனை இரவு 9:30-க்கு ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பது. "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்ற சாக்கு எல்லாரிடமும் உண்டு. ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கினால் அந்தச் சாக்கும் தீர்ந்தது.

மூன்றாவது, ஒரு மனிதரிடம் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், விசுவாசத்தில் உங்களைவிட முதிர்ந்தவர், ரகசியம் காக்கிறவர். வாட்ஸ்அப் குழுவிலும், சாட்சி நேரத்தில் மைக்கிலும் சொல்லவேண்டாம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "திங்கள் முதல் இன்றுவரை இரவில் போனை எங்கே வைத்தாய்?" என்பதுபோல. "ஆவிக்குரிய வாழ்க்கை எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும்.

இந்த முறை பழையது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெப வீட்டுக் கட்டடக் கடனை அடைக்க, ஜான் வெஸ்லி என்ற பிரசங்கியாரைச் சேர்ந்த மெதடிஸ்டுகள் ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு தலைவர் வைத்து வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஆரம்பித்தார்கள். வீடு வீடாகப் போன தலைவர்கள், யார் வீட்டில் சண்டை, யார் குடிக்கு அடிமை என்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். காசு வாங்கப்போன ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது. கூட்டத்தில் கேட்ட பிரசங்கம் நிலைத்ததற்கு இந்தச் சிறு குழுக்கள் பெரிய காரணம்.

பல வருடக் குடிப்பழக்கத்தை ஜெபத்தோடு இன்றே நிறுத்திவிடலாமா?

தீர்மானத்தை இன்றே எடுங்கள். நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், 2, 3 நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மனக்குழப்பம் ஆகியவை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பார்த்துவிட்டுப் பிசாசின் போராட்டம் என்று அறையில் பூட்டி ஜெபித்தவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மருந்தோடு நிறுத்துகிறவருக்குக் கிருபை குறைவு என்று நினைக்க வேதத்தில் இடமில்லை. லூக்கா வைத்தியனாகவே பவுலோடு ஊழியம் செய்தார் (கொலோசெயர் 4:14).

வேதம் எவ்வளவு வாசிக்க வேண்டும்? தினமும் வாக்குத்தத்த வசனம் போனில் வருகிறதே, போதாதா?

போதாது. வாக்குத்தத்தம் என்று வருகிற வசனம் யாருக்கு, எப்போது, என்ன நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்பது அந்தப் படத்தில் இருக்காது. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்ற எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. முந்தின வசனம் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. இதைத் தெரியாமல் புத்தாண்டு ஆராதனையில் அந்த வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்தவர், மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்காதபோது தேவன் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்.

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வார நாட்களில் 3, ஞாயிறு 5 என்று வாசித்தால் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை நாங்கள் சொல்வதில்லை. லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், ஒன்பது நாள் பாக்கி சேர்ந்தால் குற்ற உணர்வோடு மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். முதலில் மாற்கு சுவிசேஷம்: 16 அதிகாரங்கள், நாளைக்கு ஒன்று. பிறகு எபேசியர், பிலிப்பியர், தீத்து. கூடவே ஒரு சங்கீதம். வாசித்ததில் ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதி, அதன்படி இன்று யாரிடம் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி. 15 நிமிஷம் போதும். ஒரு நாள் தவறினால், தவறிய அதிகாரத்தைத் துரத்தாமல் அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

உபவாசம் இருந்தால் கிருபை அதிகமாகக் கிடைக்குமா?

உபவாசத்தைக் கொடுத்து எதையும் வாங்கமுடியாது. வயிற்றின் சத்தத்தை அடக்கி ஜெபத்துக்கு இடம் கொடுப்பதும், நாம் எவ்வளவு பலவீனர் என்று உணர்வதும் அதன் பயன். ஏசாயா 58-ஐ முழுதாக வாசியுங்கள். உபவாச நாளிலேயே வேலைக்காரரை வருத்தி வேலை வாங்கினவர்களைத் தேவன் கடிந்துகொண்டு, பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறார். அன்று சமைக்காமல் மிச்சப்பட்ட பணம் யாருக்காவது போய்ச் சேரவேண்டும்.

புதியவர்கள் ஒரு வேளை உணவை விட்டுத் தொடங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் மருத்துவரிடம் கேட்காமல் இருக்கவே கூடாது. மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாதிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தெரிந்தால் உடனே 15 கிராம், அதாவது ஏறக்குறைய 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, உபவாசத்தை முடித்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள். அன்றைய ஜெபம் வீணாகிவிடாது.

இரட்சிக்கப்படுவதற்கு முன் ஏமாற்றிய பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா? எல்லாம் மன்னிக்கப்பட்டதே?

வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவின் கணக்கைப் பார்ப்போம் (லூக்கா 19:1-10). ஒருவன் வஞ்சித்து வாங்கியதைத் தானே உணர்ந்து திருப்பினால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 6:5). 10,000 ரூபாய் ஏமாற்றியிருந்தால் 12,000. ஆட்டைத் திருடி அடித்துத் தின்றவனுக்குத்தான் நாலத்தனை (யாத்திராகமம் 22:1). சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஏமாற்றியதற்கு நாலத்தனை தருகிறேன் என்றான், அதாவது 40,000. இயேசு அவனிடம் ஒரு காசும் கேட்டதாக அந்தப் பகுதியில் இல்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். ஊரார் முறுமுறுத்துக்கொண்டிருந்தபோது, சகேயு நின்று இதைச் சொன்னான். நியாயப்பிரமாணம் கேட்டதைவிட அதிகமாகக் கிருபை அவன் கையிலிருந்து வரவைத்தது. மன்னிக்கப்பட்டதால்தான் திருப்பிக் கொடுக்கமுடிகிறது.

செய்யும் முறை: ஒரு தாளில் ஆள், தொகை, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதுங்கள். சிறியதிலிருந்து தொடங்குங்கள். நேரில் போய், "இவ்வளவு நான் எடுத்தேன், அது தவறு, இதோ" என்று சொல்லிக் கொடுங்கள், விளக்கம் நீளவேண்டாம். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் எவ்வளவு, எந்தத் தேதி என்று சொல்லித் தவணையாகக் கொடுங்கள். ஆள் இறந்திருந்தால் வாரிசுக்கு. வாரிசும் இல்லையென்றால், எண்ணாகமம் 5:8 அதைக் கர்த்தருக்குச் செலுத்தச் சொல்கிறது. ஆயரிடம் சொல்லி ஏழைகளுக்குப் போகும்படி செய்யலாம். வழக்கு வரக்கூடிய விஷயமானால் வழக்கறிஞரிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள், மறைப்பதற்காக அல்ல, சரியாகச் செய்வதற்காக. பணம் தவிர இன்னொருவருடைய மானமும் சம்பந்தப்பட்ட பாவங்களை மேடையில் அறிக்கையிடக்கூடாது. உங்கள் மனம் லேசாகும், அவர் குடும்பம் உடையும்.

கடன் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியாவது தசமபாகம் கொடுக்கவேண்டுமா?

வேண்டாம். 2 கொரிந்தியர் 8:12 ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கைப் பெயரில் தவிர்த்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9-13). அம்மாவின் மருந்துச் சீட்டு மேஜையில் கிடக்க, அந்தப் பணத்தைக் காணிக்கை உறையில் போடச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் அவருக்குச் செவிகொடுக்காதீர்கள். கொஞ்சமாகவே கொடுங்கள், உற்சாகமாய்க் கொடுங்கள்.

சபையில் நல்ல பெயர். வீட்டில் கோபத்தை அடக்க முடியவில்லையே?

ஞாயிறு காலை 7:30-ஐ நினைத்துப் பாருங்கள். எட்டரைக்கு ஆராதனை. சட்டை இஸ்திரி போடவில்லை, பிள்ளையின் ஒரு ஷூ காணோம், அடுப்பில் குக்கர். கத்தல், ஒரு அடி, கண்ணீர். அதே முகத்தோடு எட்டரைக்குத் துதிப்பாடல். பிள்ளைகள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். கொலோசெயர் 3:21 பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருக்கச் சொல்வது பிதாக்களுக்குத்தான்.

பாதி வேலையைச் சனிக்கிழமை இரவே முடித்துவிடலாம்: துணி, ஷூ, பை, மதியச் சமையலுக்கு நறுக்குவது. அதில் ஆண்களின் கையும் இருக்கவேண்டும். மனைவியின் கோபத்தைப் பற்றி ஆயரிடம் முறையிடும் கணவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை இரவு வெங்காயம் உரித்திருக்கிறார்கள்?

மீறிக் கத்திவிட்டால், சூரியன் அஸ்தமிக்குமுன் (எபேசியர் 4:26) பிள்ளையின் முன் உட்கார்ந்து, "உன்னை அடித்தது தப்பு, அப்பாவை மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். "நீ ஷூவை ஒழுங்காக வைத்திருந்தால் அடித்திருக்கமாட்டேன்" என்று சேர்த்தால் அது மன்னிப்புக் கேட்பதாகாது, இரண்டாவது குற்றச்சாட்டு. கிருபை என்றால் என்னவென்று பிள்ளை கற்றுக்கொள்வது ஓய்வுநாள் பள்ளியில் கொஞ்சம், இந்த இடத்தில் அதிகம்.

அடித்துத் துன்புறுத்தும் கணவரை மன்னித்துக் கூடவே இருப்பதுதான் கிருபையா?

மன்னிப்பது, மனதிலுள்ள பழிவாங்குதலைத் தேவனிடம் ஒப்படைப்பது (ரோமர் 12:19). அடி வாங்க மறுபடியும் போய் நிற்பது அதில் அடங்காது. அடுத்த அதிகாரமே (13:4) தீமை செய்கிறவனைத் தண்டிக்கத் தேவன் அதிகாரிகளை வைத்திருக்கிறார் என்கிறது. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181. "இன்னும் ஜெபியுங்கள் சகோதரி" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஊழியர் தன் கடமையைச் செய்யவில்லை.

வரதட்சணையும் ஜாதியும் சமுதாய விஷயங்கள்தானே? கிருபையோடு அவைகளை ஏன் கலக்கவேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தியோகியா பந்தியில் இருக்கிறது. கலாத்தியர் 2:11-14: பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகி உட்கார்ந்தார். அவர் எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. பந்தியை மட்டும்தான் மாற்றினார். பவுல் அதைப் பார்த்து, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி சரியாய் நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். நீதிமானாக்கப்படுவது கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால் என்று அந்த நிருபத்தில் அவர் விளக்குவது இதைத் தொடர்ந்துதான் (2:16). கிருபையின் உபதேசம், யாரோடு சாப்பிடுகிறோம் என்ற இடத்தில் சோதிக்கப்பட்டது. பிறப்பினால் ஒருவர் மேல் என்றால், கிரியை இல்லாத கிருபை என்று நாம் பாடுவது பொய்யாகிறது.

தமிழ்ச் சபைக்கு இது புதிய கண்டனமும் அல்ல. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஜாதி வேறுபாட்டைச் சபையில் முற்றிலும் கைவிடவேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரில் அநேகர் கீழ்ப்படிய மறுத்துச் சபையைவிட்டு விலகினார்கள். தனிக் கல்லறைகளும், "நம்ம ஆட்கள்" என்று கேட்கும் கல்யாண விளம்பரங்களும் இன்றுமுண்டு.

வரதட்சணை விஷயத்தில், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை. சட்டத்துக்குப் பயந்து "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லும் வழக்கத்தைத் தேவன் அறிவார். மாப்பிள்ளை வீட்டார் முதல் சந்திப்பிலேயே, தொகை, நகை, வாகனம் எதுவும் வேண்டாம் என்று பெண்வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். மாப்பிள்ளையே வாய் திறந்து சொல்வது இன்னும் நல்லது; "அப்பா அம்மா விருப்பம்" என்று நழுவுகிற வாலிபர் சங்கத் தலைவர்கள் போதும்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் கிருபையைப் பற்றி நேரெதிராகப் போதிக்கிறார்களா?

16-ஆம் நூற்றாண்டில் பிளவுக்கே இதுதான் காரணமாயிற்று. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்று கூட்டாகக் கையெழுத்திட்டன. வேறுபாடுகள் மீதமுண்டு. அடிப்படையில் பகை இருக்கவேண்டியதில்லை.

எப்போதும் சோர்வு, குற்ற உணர்வு. விசுவாசக் குறைவா?

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம் (1 இராஜாக்கள் 19:4-8). பேச்சு அதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் மனம் ஒட்டவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இலவசமாகத் தமிழிலும் பேசலாம்.

இன்னொரு வகை உண்டு. ஒரே பாவத்தை நாளைக்குப் பத்துதரம் அறிக்கையிட்டும் நிம்மதி இல்லை. தேவனைத் தூஷிக்கும் எண்ணங்கள் வேண்டாமலே வந்து துன்புறுத்துகின்றன. இவர்கள் நினைப்பதுபோல் இது மன்னிக்கப்படாத பாவம் அல்ல. இது பெரும்பாலும் எண்ணச்சுழற்சி நோய் (OCD), சிகிச்சை உண்டு. இவர்களுக்கு நாங்கள் தரும் ஒழுங்கு: ஒரு பாவத்துக்கு ஒரே ஒரு அறிக்கை. எண்ணம் திரும்ப வந்தால் மறுபடியும் மன்னிப்புக் கேட்காமல், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரவேண்டும். ஆரம்பத்தில் பதற்றம் கூடும்; கொஞ்ச நாளில் தணியும்.

இந்த வாரம் பாவம் செய்துவிட்டேன். திருவிருந்தில் பங்குபெறலாமா?

அபாத்திரமாய் (தகுதியற்ற விதமாய்) புசிப்பதைப் பற்றிய வசனத்துக்குப் பயந்து வருடக்கணக்கில் பந்திக்கு வராதவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாகப் பெரியவர்கள். 1 கொரிந்தியர் 11-ஐ 20-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் பவுல் எதைக் கண்டித்தார் என்று தெரியும். பணக்காரர் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். அந்த நடத்தைதான் அபாத்திரம். 28-ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து *புசிக்கக்கடவன்* என்கிறது, சோதித்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வாரத்தைத் தேவன் முன் வையுங்கள். பாவத்தை அறிக்கையிடுங்கள். உங்கள்மேல் குறையுள்ள ஒருவர் நினைவுக்கு வந்தால், மத்தேயு 5:23-24 சொல்வதுபோல் அன்றே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டு வாருங்கள். விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருக்கும் பாவம் இருந்தால் மட்டும் முதலில் ஆயரிடம் பேசுங்கள். மற்றபடி, பந்திக்கு முன் முழங்கால்படியிடுகிற எவரும் தகுதியோடு வருவதில்லை. கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.